நியூரோசிஸ் காரணமாக ஒரு நாள் விடுப்பு

1

டென்மார்க்குக்கு நாங்கள் குடிவந்து பத்து வருடம் நிறைந்த வாரத்தில், என் மகள் யாழினி பள்ளியில் 'என் அம்மா' என்று ஒரு கட்டுரை எழுதினாள். டேனிஷ் மொழியில்தான். தமிழில் எழுதச் சொன்னால் அவள் 'அம்மா' என்பதோடு நிறுத்திக்கொள்வாள், அதிலும் புள்ளியை மறந்துவிடுவாள். கட்டுரைத் தாளைச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டு அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"என் அம்மா கொஞ்சம் நியூரோட்டிக். கடையில் தொங்கும் எல்லா டீ-ஷர்ட்டையும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பாள். ஒருமுறை பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்த மாமாவின் காலரைத் தொட்டுவிட்டாள். ஆனால் எனக்கு அவளைப் பிடிக்கும்."

ஓரத்தில் ஆசிரியை ஒரு சிரித்த முகம் வரைந்திருந்தார். பஸ் மாமாவின் காலரில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது உண்மை. பத்து வருடம் திருப்பூரில் குவாலிட்டி பார்த்த கை, தொங்குகிற நூலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. அதைப்பற்றி எனக்கு வெட்கமில்லை. என்னை உறுத்தியது அந்த முதல் வரியில் இருந்த சொல். இந்தக் குட்டிக்கு அது வேடிக்கைச் சொல். பென்சிலை வரிசையாக அடுக்கும் தோழியைப் பற்றியும் அப்படித்தான் எழுதுகிறாள், அடுத்த வீட்டுப் பூனையைப் பற்றியும் அப்படித்தான் எழுதுகிறாள். அதே சொல்லை இந்த நாட்டில் நானும் ஒருமுறை எழுதினேன். அதனால் என் தம்பி கல்யாணமே எனக்குக் கிடைக்காமல் போக இருந்தது. ஊரில் இருக்கிற நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது என்றுதான் இதை எழுதுகிறேன். நாளைக்கு உங்களில் ஒருவருக்கு விசா வந்து, நீங்களும் இங்கே வந்து விடுப்புக் கடிதம் எழுதவேண்டி வரலாம்.

2

நரம்புத் தளர்ச்சி என்ற சொல்லை நான் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. சுவரில் படித்தேன். எங்கள் ஊர் நெருப்பெரிச்சலிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் மின்சார ஆபீஸ் காம்பவுண்டு முழுக்க நீல எழுத்தில் அதுதான் இருக்கும். வைத்தியர் எந்த லாட்ஜில், எந்தக் கிழமை இருப்பார் என்பதும் கீழே இருக்கும். ஐந்தாம் வகுப்பில் தமிழாசிரியர் நீளமான சொல் ஒன்றைப் பலகையில் எழுதச் சொன்னபோது நான் பிழையில்லாமல் அதைத்தான் எழுதினேன். அவர் பாராட்டுவதா அடிப்பதா என்று தெரியாமல், "உக்காரு கண்ணு" என்றார்.

பிறகு நான் ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேதான் அந்தச் சொல்லின் பயன் எனக்குப் புரிந்தது. எங்கள் முதலாளி நல்லவர், ஆனால் லீவு என்ற பேச்சே ஆகாது. காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். வயிற்றுவலி என்றால் ஓமத்தண்ணீர் வரவழைத்துத் தன் கண்முன்னால் குடிக்கவைப்பார். பெரியப்பா இறந்துவிட்டார் என்று ஒருவர் லீவு எடுத்தார். அன்று சாயங்காலமே முதலாளி அந்தப் பெரியப்பாவைக் காதர்பேட்டையில் டீக்கடையில் பார்த்து நலம் விசாரித்துவிட்டு வந்தார். நரம்புத் தளர்ச்சிக்கு மட்டும் அவரிடம் மருந்து இல்லை. தொட்டுப் பார்க்கவும் முடியாது. "செரி, ஊட்டுக்குப் போயி படுங்க" என்று விட்டுவிடுவார்.

அதனால் எங்கள் கம்பெனியில் எல்லாருக்கும் நரம்புத் தளர்ச்சி இருந்தது. முகூர்த்த நாட்களில் அதிகமாக இருக்கும். ஆடி மாதம் ஒருவருக்கும் இருக்காது. தையல் செக்‌ஷனில் இருந்த திருநெல்வேலிக்காரர்கள், "நேத்து எனக்கு நரம்புத் தளர்ச்சில்லா, கோயில் கொடைக்குப் போயிருந்தேன்" என்று கூச்சமில்லாமல் சொல்வார்கள். பீகாரிலிருந்து வந்த பையன்கள் தமிழில் முதலில் சாப்பாடு என்ற சொல்லையும், அடுத்து இதையும் கற்றுக்கொண்டார்கள். நிட்டிங் மெஷின் ஊசி விட்டு விட்டு ஓடினால் மெக்கானிக், "மெசினுக்கு நரம்புத் தளர்ச்சிங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார். சரக்கு அனுப்பத் தாமதமானால் காதர்பேட்டை புரோக்கர் சூரத்துக்குக் கடிதம் எழுதுவார்: எங்கள் பாக்கிங் ஆள் நரம்புத் தளர்ச்சியால் படுத்துவிட்டபடியால் பொறுத்தருளவும். சூரத்துக்காரரும் பொறுத்தருளுவார்.

இதை ஆங்கிலத்தில் கொண்டுபோனவர் எங்கள் மேனேஜர் துரைசாமி அண்ணன். எக்ஸ்போர்ட் செய்கிற கம்பெனி என்பதால் லீவு லெட்டர் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. அண்ணன் அகராதியைப் புரட்டி, நரம்புத் தளர்ச்சிக்கு நியூரோசிஸ் என்று கண்டுபிடித்து, கம்ப்யூட்டரில் ஒரு மாதிரிக் கடிதம் அடித்து வைத்தார். 'ட்யூ டு நியூரோசிஸ் ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் ட்யூட்டி டுடே. கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.' பெயரையும் தேதியையும் மாற்றிக்கொண்டால் போதும். நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க அதைத்தான் அனுப்பினேன். அதில் நோய் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. 'நலம், நலமறிய அவா' என்று எழுதுகிறோமே, யாராவது உட்கார்ந்து அவாப்படுகிறோமா?

3

இங்கே நான் குழந்தைகளின் துணி விற்கும் ஒரு சின்னக் கம்பெனியில் சாம்பிள் பார்க்கிறேன். துணியெல்லாம் திருப்பூரிலிருந்துதான் வருகிறது, அதிலும் பாதி என் பழைய கம்பெனியிலிருந்து. கடல் கடந்து வந்து அதே தையலைத்தான் திருப்பிப் பார்க்கிறேன். என் மேலதிகாரியின் பெயர் கிர்ஸ்டன். அவரை எல்லாரும் கிர்ஸ்டன் என்றே கூப்பிடவேண்டும். மேடம் என்று கூப்பிட்டால் அவருக்கு முகம் சிவந்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்குச் சிவந்துவிடும். டேனிஷில் மரியாதை சேர்க்க ஓர் 'ங்க' கூட இல்லை. ஆரம்பத்தில் ஆமாம் என்பதற்கு 'யா' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'யாங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஏதோ ஆசிய வழக்கம் என்று விட்டுவிட்டார்கள்.

போன குளிர்காலத்தில் என் தம்பி சிவாவுக்கு நிச்சயமானது. சிவா நெருப்பெரிச்சலில் சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறான். பெண் வீட்டில் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்ளும் சடங்கைப் போனில் எனக்குக் காட்டினார்கள். இங்கே அப்போது விடிந்திருக்கவில்லை. போனைப் பிடித்திருந்த சித்தப்பா, பெண்ணைக் காட்டாமல் மின்விசிறியையும் தன் கட்டைவிரலையும் மாறி மாறிக் காட்டினார். கண் எரிய எரிய எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வேலைக்குக் கிளம்ப நேரமானபோது எனக்கு எழுந்திருக்கவே மனமில்லை. ஒருநாள் படுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. மெயிலைத் திறந்தேன். கை தானாக ஓடியது. ட்யூ டு நியூரோசிஸ். கைண்ட்லி டூ த நீட்ஃபுல். அனுப்பிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

இந்த நாட்டுச் சட்டம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். உடம்பு சரியில்லை என்று லீவு எடுத்தால் என்ன நோய் என்று கம்பெனி கேட்கக்கூடாது. நாமும் சொல்லவேண்டியதில்லை. 'இன்று வரமுடியாது' என்றால் முடிந்தது. இவ்வளவு மொட்டையாக எழுதுவது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. கேட்காமலேயே காரணம் எழுதிய முதல் ஆள், அந்தக் கம்பெனி சரித்திரத்தில் நான்தான்.

4

மறுநாள் போனபோது என் மேசையில் மஞ்சள் பூக்கள் இருந்தன. யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்தேன். கிர்ஸ்டன் வந்து என்னைச் சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் டிஷ்யூப் பெட்டி. இந்த ஊரில் டிஷ்யூப் பெட்டியை நம் பக்கம் நகர்த்தினால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

"நீ அதை எழுதியது பெரிய தைரியம், சுமதி" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"இது உனக்கு ரொம்ப நாளாக இருக்கிறதா?"

எங்கள் ஊரில் ஒருவர் இத்தனை அக்கறையாக முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது இல்லை என்று சொல்லி அவர் மனதை நோகடிக்க மாட்டோம். "யாங்க" என்றேன்.

"ஊரிலேயே இருந்ததா?"

"ஆமாம். எங்கள் கம்பெனியில் எல்லாருக்கும் இருந்தது."

கிர்ஸ்டன் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாருக்கும் என்றால்?"

"மேனேஜருக்கும் இருந்தது. டிரைவருக்கும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் முகம் வாடுவதைப் பார்த்து ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "பயப்படாதீர்கள், முகூர்த்த நாளில்தான் அதிகமாக இருக்கும்" என்றும் சொன்னேன்.

அவர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அப்போதுதான் ஏதோ கை மீறிப் போய்விட்டது என்று எனக்கு உறைத்தது. சாயங்காலம் யாழினியிடம், நியூரோசிஸ் என்று யாராவது மெயிலில் எழுதினால் என்ன நினைப்பார்கள் என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"வேடிக்கையாச் சொன்னா வேடிக்கை. ஆபீசுக்கு எழுதினா டாக்டர்கிட்ட போகணும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, நீ எழுதினியா?"

என் வீட்டுக்காரர் சோபாவிலிருந்து, "உங்கொம்மா எழுதறதுக்கு முன்னால எதையுமே திருப்பிப் பாக்க மாட்டா, துணியைத் தவிர" என்றார்.

5

இனி உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். சித்திரையில் சிவாவுக்குக் கல்யாணம். அதே வாரம் எங்கள் கம்பெனி சார்பில் திருப்பூருக்குச் சரக்குப் பார்க்க நான் போவதாக ஏற்பாடு. என் பயணத்தை வைத்துத்தான் தேதியே குறித்திருந்தார்கள். சரக்கு வரும் சீசன் என்பதால் அந்த மாதத்தில் யாருக்கும் சொந்த லீவு கிடையாது. கம்பெனி அனுப்பினால்தான் உண்டு.

நான் ஏன் போயே ஆகவேண்டும் என்பது கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சீர் உண்டு. மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள், அவன் பெண்ணுக்குத் தாலி கட்டுவதற்கு முன்னால், கூடையோடு வந்து அவன் பக்கத்தில் இணையாக உட்காரவேண்டும். அந்தச் சில நிமிடத்துக்கு அந்த மணவறை அவளுடையது. சிவாவுக்கு நான் ஒரே அக்காள். நான் இல்லையென்றால் யாராவது பங்காளி வீட்டுப் பெண் உட்காருவாள். எங்கள் வீட்டில் அந்த 'யாராவது'க்குப் பெயர் கோகிலா. கணியூரில் இருக்கும் என் சித்தப்பா மகள்.

கோகிலாவைப் பற்றி நான் தவறாக எதுவும் சொல்ல மாட்டேன். சின்ன வயதில் என் ரிப்பனை எடுத்துக்கொண்டு இன்றுவரை திருப்பித் தராதவள் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு வாரம் கழித்துக் கிர்ஸ்டன் மறுபடியும் மெழுகுவத்தி ஏற்றினார்.

"உனக்குப் பதிலாகத் திருப்பூருக்கு வேறு ஆளை அனுப்புகிறேன்" என்றார். "எந்த இடம் உன்னை நோயாளி ஆக்கியதோ அந்த இடத்துக்கே உன்னைத் திருப்பி அனுப்ப என் மனசாட்சி இடம் கொடுக்காது."

நான் டிஷ்யூவை எடுத்தேன். இம்முறை நிஜமாகவே தேவைப்பட்டது. அழுகையைப் பார்த்ததும் தன் முடிவு சரிதான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இங்கே டாக்டர் சீட்டுக் கேட்காமல், நாம் சொன்னதை அப்படியே நம்பி லீவு தருகிறார்கள். அந்த நம்பிக்கையில் விளையாடினால் வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, நான் எழுதியது பொய்யா என்றே எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் அது பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை, லீவு லெட்டர்.

அன்று அம்மா போன் செய்தாள்.

"ஏங்கண்ணு, டிக்கெட்டுப் போட்டாச்சா?"

"போடறேம்மா."

"வெரசாப் போட்டுரு சாமி. கோகிலா சேலை எடுத்துப்போட்டாளாமா. எதுக்கும் இருக்கட்டும்னாளாமா."

"என்ன கலரு?"

"அரக்கு."

நான் எடுக்க நினைத்திருந்ததும் அரக்கு.

6

நோய் இல்லை என்று ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கொடுத்தால் போதும் என்று டாக்டரிடம் போனேன். இளம் பெண், காதில் ஒற்றைத் தோடு. நான் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கம்ப்யூட்டரில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, நோய் இருப்பதாக எழுதப் பலவிதமான படிவங்கள் இருக்கின்றன, இல்லை என்று எழுதத்தான் ஒன்றுமில்லை என்று வருத்தப்பட்டார். "உங்களுக்கு அழுத்தம் கொடுப்பவர்கள் யாராவது உண்டா?" என்று கேட்டார். அதே நேரம் அம்மா போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடி. டாக்டர் என் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார்.

அடுத்த வாரம் நகராட்சியிலிருந்து என் டிஜிட்டல் அஞ்சல் பெட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. மனச் சோர்வு உள்ளவர்களுக்கான காட்டு நடைக் குழுவில் எனக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பேசாமல் நடக்கவேண்டும். வேண்டாமென்று பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். இத்தனை பேர் பாடுபட்டு இடம் ஒதுக்கியிருக்கிறார்களே என்று போய்விட்டேன். வெறுங்கையோடு போகக்கூடாதென்று முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். மௌனக் குழு முழுக்க முறுக்கு கடிக்கும் சத்தம் கேட்டது. நடத்துகிற அம்மாள், அமைதிக்கு இடைஞ்சல் என்று சொல்ல வாயெடுத்து, ஒன்றைக் கடித்துவிட்டு, இன்னொன்று எடுத்துக்கொண்டார். முன்னால் நடந்தவரின் ஜாக்கெட் தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது. பேசக்கூடாதென்பதால் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு மணி நேரம் எனக்கு நிஜமாகவே நரம்புத் தளர்ச்சி வந்துவிடும் போலிருந்தது.

7

பங்குனி கடைசியில், சரக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளத் திருப்பூரோடு ஒரு வீடியோ மீட்டிங் நடந்தது. அந்தப் பக்கம் துரைசாமி அண்ணனும் இரண்டு சூப்பர்வைசர்களும். இந்தப் பக்கம், மெழுகுவத்தி எரியும் அதே சின்ன அறையில் கிர்ஸ்டனும் நானும். எனக்குப் பதிலாகப் போகவேண்டிய ஆள் அன்று வரவில்லை. காரணம் எழுதவில்லை.

கலர், லேபிள், பாக்கிங் எல்லாம் பேசி முடித்ததும் கிர்ஸ்டன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. மேசைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன்.

"துரைசாமி, ஒரு சங்கடமான கேள்வி. உங்கள் ஊழியர்களுக்கு நியூரோசிஸ் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?"

அண்ணனும் கொங்குக்காரர்தானே. சரக்கு வாங்குகிற பையர் முகம் வாட விடுவாரா?

"எஸ் மேடம். ஆல் ஸ்டாஃப் ஹேவிங், மேடம். ஐ ஆல்சோ ஹேவிங்."

இரண்டு சூப்பர்வைசர்களும் தலையாட்டினார்கள். அதில் ஒருவர் நெஞ்சில் கைவைத்து, தனக்கும்தான் என்று காட்டினார்.

கிர்ஸ்டனின் குரல் இறங்கிவிட்டது. "அதற்கு என்ன செய்கிறீர்கள்? என்ன சிகிச்சை?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். அவருக்குத் தெரிந்த ஒரே உண்மையைச் சொன்னார்.

"ஒன் டே லீவ், மேடம். கோ டு மேரேஜ். ரிலேட்டிவ் மேரேஜ். டேக் ஃபுட். நெக்ஸ்ட் டே ஃபுல் ஆல்ரைட்." பிறகு என்னைப் பார்த்துத் தமிழில், "ஏனுங் சுமதி, மேடம் நம்மளையெல்லா இத்தன பாசமா விசாரிக்கறாங்களே, நல்லவங்களா இருக்கறாங்க. அப்பறம் தம்பி கல்யாணத்துக்கு எப்ப வர்றீங்க? அன்னிக்கு எங்க கம்பெனியில எல்லார்த்துக்கும் நரம்புத் தளர்ச்சிதானுங்" என்றார்.

கடைசியாக அவர் பேசிய தமிழ் கிர்ஸ்டனுக்குப் புரியாது. ஆனால் அந்தப் பக்கம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தது புரிந்தது. திரை அணைந்தது. கிர்ஸ்டனின் காது மடல் மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. வேலை போயிற்று என்று நினைத்தேன். வீட்டுக் கடனை நினைத்தேன், அரக்குச் சேலையில் கோகிலாவை நினைத்தேன்.

"சுமதி, உன் தம்பிக்குக் கல்யாணம் என்று எப்போதோ காப்பி நேரத்தில் சொன்னாயே. எந்த வாரம்?"

"அந்த வாரம்தான். சரக்குப் பார்க்கும் வாரம்." எப்படி வந்ததென்று தெரியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாதிரிக் கடிதம், ஓமத்தண்ணீர், டீக்கடையில் உயிரோடிருந்த பெரியப்பா, இணைச்சீர், கோகிலா, ரிப்பன். டேனிஷில் தொடங்கி, ஆங்கிலத்துக்குப் போய், ரிப்பன் வரும்போது தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

கிர்ஸ்டன் மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். "ஒரு முழு கம்பெனியின் மருத்துவ அனுபவத்தை நான் மறுக்க முடியாது. நீதான் போகிறாய்" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. நான் காப்பி மெஷின் வரை நடந்து போன பிறகு, அந்தச் சின்ன அறையிலிருந்து ஒருவர் மூச்சு முட்டச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

8

பள்ளிக்கூடம் லீவு தராததால் யாழினி வரவில்லை, அவளுக்குத் துணையாக வீட்டுக்காரரும் வரவில்லை. போனில் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். சித்தப்பாவிடம் போனைக் கொடுக்காதே என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

துரைசாமி அண்ணனிடம் போனில் நடந்ததையெல்லாம் சொல்லியிருந்தேன்; நான் மண்டபத்துக்குள் நுழையும் முன்பே அவர் அதை ஊரெல்லாம் பரப்பி முடித்திருந்தார். எதிரில் வந்தவர்களெல்லாம், "இப்ப ஒடம்பு எப்பிடிங்க? அந்த ஊர்ல போயி இந்த நரம்புத் தளர்ச்சி வந்துருச்சாமா, பாவம்" என்று கேட்டார்கள். ஒரு அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கிறது என்றார். இவர்களும் வருடக்கணக்காக இதையே எழுதி லீவு எடுத்தவர்கள்தான். அடுத்தவருக்கு வந்தால் அது நோயாகிவிடுகிறது.

கோகிலா அரக்குச் சேலையில் மணவறைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். திருப்பூரில் எதற்கும் ஒரு ஸ்பேர் வைத்துக்கொள்வது வழக்கம். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியாக்கா, செரி" என்றாள். அவள் குரலில் இருந்த ஏமாற்றத்தைக் கேட்க அவ்வளவு தூரம் பறந்து வந்ததே தகும் என்று தோன்றியது. நான் பச்சை எடுத்திருந்தேன்.

சீர் செய்யும் அருமைக்காரர், "மாப்பிள்ளைக்கு அக்கா வாங்க" என்று கூப்பிட்டார். கூடையோடு போய்ச் சிவா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் முன்னால் பார்த்தபடியே, உதடு அசையாமல் கேட்டான்.

"ஏக்கா, உனக்கு நரம்புத் தளர்ச்சியாமா?"

"ஆமாடா. உனக்கு?"

"எனக்கு இன்னிக்குத்தான்."

எனக்குச் சிரிப்பு வந்து கூடை ஆடியது. போட்டோவில் அந்த இடத்தில் நான் அழுவதுபோல் விழுந்திருக்கிறது; பார்த்தவர்களெல்லாம் அக்காளுக்குத் தம்பி மேல் எத்தனை பாசம் என்று நெகிழ்கிறார்கள். பனியன் துணி பின்னி ஊருக்கெல்லாம் அனுப்புகிறவன், தன் கல்யாணத்தன்று பனியனை உள்வெளியாகப் போட்டிருந்தான். லேபிள் கழுத்துக்கு வெளியே தெரிந்தது. அருமைக்காரர் மந்திரம்போல் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கையை நீட்டி லேபிளை உள்ளே தள்ளிவிட்டேன். அவன் சின்னப் பையனாக இருந்தபோது நான் சட்டைப் பொத்தான் போட்டுவிட நிற்பானே, அதுபோல் கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தான்.

அவ்வளவுதான் சீர். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. எழுந்து பெண்ணுக்கு இடம் விட்டேன்.

9

திரும்பி வந்த மறுநாள் காலை ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். யாழினி என் பெட்டியில் தனக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, டேனிஷில் நன்றி சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். நான் ஷூவைப் போட்டுக்கொள்ள உட்கார்ந்தேன். ஒரு ஷூவைப் போட்டேன். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட சட்டையில் இன்னும் மண்டபத்துச் சாம்பிராணி வாசம் இருந்தது. உடம்பில் ஒன்றுமில்லை. எழுந்திருக்க மட்டும் முடியவில்லை. அம்மா இனிமேல் டிக்கெட்டைப் பற்றிப் போன் செய்ய மாட்டாள் என்று நினைத்தபோது அழுகை வந்தது, நிற்கவில்லை.

மெயிலைத் திறந்து, பழக்கத்தில் 'ட்யூ டு' என்று அடித்தேன். அதற்குமேல் கை ஓடவில்லை. ஒன்றும் இல்லாதபோதெல்லாம் தாராளமாக எழுதிய சொல்லை, அன்று எழுத வெட்கமாக இருந்தது. அடித்ததை அழித்துவிட்டு, இந்த ஊர்க்காரர்களைப் போலவே மொட்டையாக எழுதினேன். இன்று வரமுடியாது.

உடனே பதில் வந்தது. சட்டப்படி கிர்ஸ்டன் காரணம் கேட்கக்கூடாது. ஆனாலும் ஒரே ஒரு சொல் கேட்டிருந்தார்.

"கல்யாணமா?"

போட்டிருந்த ஷூவைக் கழற்றிவிட்டுப் பதில் எழுதினேன். இல்லைங்க, கல்யாணம் முடிந்துவிட்டது.